காதுக்கும் ஒரு கணக்கு உண்டு

(கூட்டேரிப்பட்டில் பொதுமக்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய யாரை நிறுத்திக் கேட்டாலும் தன்னுடைய சர்க்கரை அளவைச் சொல்லிவிடுவார். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு, மூன்று மாதச் சராசரி எவ்வளவு என்று எண்ணோடு சொல்வார். பிரஷரும் அப்படித்தான். டீக்கடையில் ஒருவருக்கொருவர் விசாரித்துக்கொள்ளும் அளவுக்கு அந்த எண்கள் நம் பேச்சில் கலந்துவிட்டன. ஆனால் உங்கள் வலது காது எத்தனை டெசிபெல்லில் கேட்கிறது என்று கேட்டால் பதில் வராது. "ஓரளவு கேக்குது", "கொஞ்சம் மந்தம்", "வயசாச்சுல்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

காதுக்கும் எண் உண்டு. தலைசுற்றலுக்கும் அளவு உண்டு. அந்த எண்ணைக் கேட்டு வாங்காமல் மாத்திரை வாங்குகிறோம், காது மிஷின் வாங்குகிறோம், குழந்தைக்குப் பேச்சு வரும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறோம். இதை மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

தலைசுற்றலில் தொடங்குகிறேன். ஒருவருக்குத் தலை சுற்றினால் நம் வீடுகளில் மூன்று தீர்ப்புகள் தயாராக இருக்கின்றன. பித்தம் என்பார்கள். பிரஷர் என்பார்கள். எக்ஸ்ரே எடுத்துவிட்டால் கழுத்து எலும்புத் தேய்மானம் என்பார்கள். ஐம்பது வயதுக்கு மேல் யார் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும். அதற்காகத் தலைசுற்றலை அதன் கணக்கில் எழுத முடியாது. நம் எதிரே உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் பலருக்கு நோய் இருக்கும் இடம் காது. காதுவலி இருக்காது, சீழ் இருக்காது, கேட்பதிலும் குறை இருக்காது. அதனால் காதை யாரும் சந்தேகிப்பதில்லை.

காதுமடலுக்கு உள்ளே, உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்புப் பகுதிக்குள் ஒரு சிறிய அமைப்பு புதைந்து கிடக்கிறது. அதில் ஒரு பாதி நத்தை எலும்பு. கேட்பது அதன் வேலை. மறுபாதியில் மூன்று அரைவட்டக் குழல்கள், ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கின்றன. குழலுக்குள் திரவம். கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் சாய்த்தால் உள்ளே குமிழி நகர்ந்து சாய்வைக் காட்டுகிறது அல்லவா? நாம் தலையைத் திருப்பும்போது இந்தக் குழல்களில் திரவம் நகர்ந்து, எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்பதை மூளைக்குச் சொல்கிறது. மூளை அந்தச் செய்தியை வாங்கிய கணத்திலேயே கண்களை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. தலை ஆடினாலும் பார்வை ஆடாமல் நிற்பதற்கு இதுதான் காரணம்.

இதை நீங்களே உட்கார்ந்த இடத்தில் சோதித்துப் பார்க்கலாம். உங்கள் கையில் இருக்கும் நோட்டீஸை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, தலையை இடமும் வலமுமாக வேகமாக ஆட்டியபடி படியுங்கள். எழுத்து தெரிகிறது. இப்போது தலையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, அதே வேகத்தில் நோட்டீஸை ஆட்டுங்கள். எழுத்து கலங்கிவிடுகிறது. முதலாவதில் உங்களுக்காக வேலை செய்தது காது. இரண்டாவதில் அதற்கு வேலையே இல்லை, கண் தனியாகத் திண்டாடியது.

தலைசுற்றுகிறது என்று வருகிறவரின் கண்ணையே மருத்துவர் உற்றுப் பார்ப்பது இதனால்தான். உள்காதில் என்ன நடக்கிறது என்பது கண்ணின் அசைவில் வெளிப்பட்டுவிடும். விழி ஒரு பக்கம் மெல்ல நகர்ந்து, மறுபக்கம் வெடுக்கென்று திரும்பும். விழிநடுக்கம் என்று இதைச் சொல்கிறோம். அது எந்தப் பக்கம் துடிக்கிறது, எப்போது நிற்கிறது என்பதை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

மீதிப் பாதிக்கு உங்கள் பதில் வேண்டும். மருத்துவர் "எப்படிச் சுற்றுகிறது?" என்று கேட்பதைவிட "எவ்வளவு நேரம் சுற்றுகிறது? என்ன செய்யும்போது சுற்றுகிறது?" என்று கேட்பது முக்கியம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இந்த இரண்டுக்கும் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலையில் படுக்கையில் புரண்டு படுக்கும்போது வீடே சுழல்கிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. பரண்மேல் இருக்கும் பாத்திரத்தை அண்ணாந்து பார்த்தால் மறுபடியும் வருகிறது. குனிந்து கோலம் போட்டு நிமிர்ந்தால் வருகிறது. மற்ற நேரத்தில் ஒன்றுமில்லை. இப்படிச் சொன்னால் பெரும்பாலும் அது உள்காதுப் படிகம் இடம் மாறிய நோய். காதின் சமநிலைப் பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வயதாலோ, தலையில் அடிபட்டதாலோ, பல நேரம் காரணமே தெரியாமலோ, அவற்றில் சில கழன்று அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிடுகின்றன. தலை அசையும்போது துகள் உருள்கிறது, திரவம் நகர்கிறது, சுற்றாத தலை சுற்றுவதாக மூளை நம்பிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். ரத்தப் பரிசோதனை வேண்டாம். ஒரு கட்டிலும் மருத்துவரின் இரண்டு கைகளும் போதும். நோயாளியைக் கட்டிலில் கால் நீட்டி உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்து, தலை கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றே தொங்கும்படி பிடித்துக்கொண்டு கண்களைப் பார்க்க வேண்டும். சில விநாடி ஒன்றும் நடக்காது. பிறகு விழி சுழன்று துடிக்கத் தொடங்கும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். 1952இல் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் என்ற இருவர் இந்தச் சோதனையை விரிவாக எழுதினார்கள். அவர்கள் பெயரில்தான் இன்றும் இது வழங்குகிறது.

கண்டுபிடித்த கையோடு குணப்படுத்தவும் முடியும் என்பதுதான் இதில் அதிசயம். அமெரிக்காவில் ஜான் எப்ளி என்ற காது மருத்துவர், தலையை ஒரு குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் திருப்பி, துகளைக் குழலின் மறுவாய் வழியாகப் பைக்குள்ளேயே திரும்ப விழவைக்கும் முறையை வகுத்தார். தலையைத் திருப்பினால் நோய் போய்விடுமா என்று சக மருத்துவர்கள் பல ஆண்டுகள் அவரை நம்பவில்லை. 1992இல் அவருடைய கட்டுரை வெளிவந்த பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது. சில நிமிடங்களில் முடிகிற சிகிச்சை. ஒருமுறையிலேயே பலருக்கு நின்றுவிடும். சிலருக்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். பின்னாளில் திரும்பவும் வரலாம், வந்தால் மறுபடியும் செய்துகொள்ளலாம்.

இந்த நோய்க்கு மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை சாப்பிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. குழலுக்குள் கிடக்கும் துகளை எந்த மாத்திரையும் நகர்த்தாது. சில மாத்திரைகளை வயதானவர்கள் நீண்ட நாள் எடுத்தால் கை நடுக்கம், நடைத் தளர்ச்சி வரும். மாத்திரைச் சீட்டு எழுதப்படும்போது "படுக்கவைத்துச் சோதித்துப் பார்த்தீர்களா ஐயா?" என்று நீங்கள் பணிவாகக் கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை.

எல்லாத் தலைசுற்றலும் அரை நிமிடத்தில் நிற்காது. இருபது நிமிடத்திலிருந்து சில மணி நேரம் வரை சுற்றி, கூடவே ஒரு காது அடைத்து, இரைச்சல் கேட்டு, கேட்கும் திறனும் ஏறி இறங்கினால் அது வேறு. 1861இல் பாரிஸில் பிராஸ்பர் மெனியர் என்ற மருத்துவர்தான் இது மூளை நோய் அல்ல, காது நோய் என்று முதலில் வாதிட்டார். மெனியர் நோய்க்குக் கேட்புச் சோதனை கட்டாயம் வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். நாள் முழுக்க, இரண்டு மூன்று நாள் விடாமல் சுற்றினால் சமநிலை நரம்பு அழற்சியாக இருக்கலாம். அல்லது பக்கவாதமாக இருக்கலாம். இங்கேதான் கவனம் வேண்டும். தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கம் மரத்துப்போனாலோ, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமல் சாய்ந்தாலோ, காது டாக்டரைத் தேடாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.

கருவிகள் உள்ள பெரிய மருத்துவமனைகளில் இன்னும் சில சோதனைகள் செய்வார்கள். கண்ணில் கேமரா பொருத்திய கண்ணாடி மாட்டி, தலையைச் சிறிது வெடுக்கென்று திருப்பி, விழி பின்தங்குகிறதா என்று பார்ப்பது ஒன்று. காதுக்குள் தண்ணீர் விட்டுப் பார்ப்பது இன்னொன்று. அந்தத் தண்ணீர்ச் சோதனைக்கு ஒரு கதை இருக்கிறது.

வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் சில்லென்று இருந்தால் தலை சுற்றுகிறது என்றார் ஒருவர். அப்படியானால் சூடாக இருக்கட்டும் என்று வெந்நீர் விட்டால், அப்போதும் சுற்றியது. ஆனால் விழி எதிர்ப்பக்கம் துடித்தது. மற்றவர்களாக இருந்தால் வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். பாரனி யோசித்தார். சூட்டிலும் குளிரிலும் உள்காதுத் திரவம் மேலும் கீழுமாக ஓடுகிறது. அதைக்கொண்டு ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதிக்கலாம் என்று கண்டுகொண்டார். அதற்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தி போய்ச் சேர்ந்தபோது அவர் ரஷ்யர்களின் போர்க்கைதி முகாமில் இருந்தார். சுவீடன் இளவரசர் கார்ல் தலையிட்டு விடுவித்த பிறகு 1916இல்தான் பரிசை வாங்க முடிந்தது. இன்றும் அதே சோதனைதான். உடல் வெப்பத்தைவிட ஏழு பாகை குறைவாக 30, ஏழு பாகை கூடுதலாக 44 என்று இரண்டு அளவில் நீரோ காற்றோ செலுத்துகிறோம். இதில் ஒரு வியப்பு: எடையற்ற விண்வெளியில் சூடான திரவம் மேலே எழும்பாது, ஆனாலும் 1983இல் விண்வெளி ஆய்வகத்தில் செய்து பார்த்தபோது விழி துடித்தது. பாரனி சொன்னது முழு விளக்கம் அல்ல என்று அப்போது தெரிந்தது.

இரண்டு காதிலும் தண்ணீர் விட்டும் விழி துடிக்கவே இல்லை என்றால் என்ன பொருள்? இரண்டு பக்கமும் சமநிலை உறுப்பு செத்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவர்களுக்குத் தலை சுற்றாது. இருட்டில் நடக்க முடியாது; வரப்பில் கால் நிற்காது; நடந்துகொண்டே பார்த்தால் பஸ்ஸின் பெயர்ப்பலகை குதிக்கும். முன்பு காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி நீண்ட நாள் போட்டுக்கொண்டவர்கள் சிலருக்கு இப்படி ஆனது. உயிரைக் காத்த மருந்துதான், மறுக்கவில்லை. ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகளும் அதே குடும்பம். அவற்றைப் பல நாள் போட வேண்டிவந்தால், போடும் முன்னும் இடையிலும் காதை அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி கேட்கும் திறனுக்கு வருகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கைப்படி, சிகிச்சையோ கருவியோ பயிற்சியோ தேவைப்படும் அளவுக்குக் கேட்புக் குறை உள்ளவர்கள் உலகில் சுமார் 43 கோடி. இவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற நாடுகளில் இருக்கிறார்கள்.

அளப்பது எப்படி? சத்தம் வராத அறையில் உட்காரவைத்து, காதில் ஒலிப்பானை மாட்டி, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியாகக் கொடுப்பார்கள். மிக மெலிதாகக் கேட்டாலும் பட்டனை அழுத்த வேண்டும். எந்த அளவில் கடைசியாகக் கேட்டதோ அது வரைபடத்தில் புள்ளியாக விழும். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. ஆடியோகிராம் என்று உங்கள் கையில் தரும் தாள் அதுதான். 20 டெசிபெல்லுக்குள் இருந்தால் நல்ல காது. 35ஐத் தாண்டினால் சாதாரணப் பேச்சிலேயே தடுமாற்றம். 80ஐத் தாண்டினால் கத்தினாலும் எட்டாது. அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். சர்க்கரை அட்டையோடு சேர்த்து வையுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இரு காதிலும் 70 டெசிபெல் இழப்பு என்றால் ஒரு வகை, 60 முதல் 70 வரை என்றால் இன்னொரு வகை. சான்றிதழுக்கும் பஸ் சலுகைக்கும் அடிப்படை இந்த எண்கள்தான்.

பிறகு காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் ஓர் அதிர்வியை வைத்து மறுபடியும் அளப்பார்கள். எலும்பு வழியாக நன்றாகக் கேட்டு, காற்று வழியாகக் கேட்கவில்லை என்றால் தடை வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது. செவிப்பறை ஓட்டை, சளித் திரவம், எலும்புச் சங்கிலி இறுகிப்போவது ஆகியவற்றில் பலவற்றை மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரிசெய்யலாம். இரண்டு வழியிலும் கேட்கவில்லை என்றால் குறை நத்தை எலும்பிலோ நரம்பிலோ இருக்கிறது. 1834இல் வெபர், 1855இல் ரின்னே என்ற இரு ஜெர்மானியர்கள் வெறும் இசைக்கவையை வைத்தே இந்த வேறுபாட்டைக் கண்டறிய வழிசெய்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்று மேசைமேல் இருந்தால் எத்தனையோ பேருக்குச் சரியான வழி அங்கேயே தெரிந்துவிடும். நடுக்காதில் சளி தேங்கியிருக்கிறதா என்று காற்றழுத்தத்தை மாற்றி அளக்கும் கருவியும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது மிக உதவும். வகுப்பில் கவனமில்லை என்று அடி வாங்கும் பிள்ளைக்கு, காதுக்குள் சளி கட்டியிருப்பது பல நேரம் யாருக்கும் தெரிவதில்லை.

நம் பகுதிக்கென்று ஒரு குறை உண்டு. திருவக்கரைப் பக்கம் கல்குவாரி, கிரஷர். திண்டிவனத்தில் அரிசி ஆலைகள். நெடுஞ்சாலையில் ஏர் ஹாரன். திருவிழாவில் அதிர்வேட்டு, அதற்கு மேல் டி.ஜே. 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பது ஒரு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 88 என்றால் நான்கு மணி நேரம். 100 என்றால் பதினைந்தே நிமிடம். பாறையில் துளைபோடும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு அந்தப் பதினைந்து நிமிடம் காலை டீக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

இப்படிக் கெட்டுப்போன காதின் ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழும். பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஆரம்பத்தில் அவருக்கே தெரியாது; பேச்சு கேட்கிறது, ஆனால் பிடிபடவில்லை. உயிரோசைகள் தாழ்ந்த சுருதியில் பலமாக ஒலிப்பவை, அவை கேட்கும். மெய்யோசைகளின் அடையாளம் உயர்ந்த சுருதியில் மெலிதாக இருப்பது, அது கேட்காது. கடை, தடை, படை மூன்றும் அவருக்கு ஒன்றுபோலவே விழும். நாம் சத்தத்தைக் கூட்டிப் பேசுவோம். "கத்தாத, புரியிற மாதிரி பேசு" என்பார். அவர் சொல்வது சரி. கோபித்துக்கொள்ளாதீர்கள். எதிரே உட்கார்ந்து, முகம் தெரியும்படி, நிதானமாகப் பேசுங்கள்.

நத்தை எலும்புக்குள் இருக்கும் கேட்பு மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000தான். கோழிக்கு அவை செத்தால் மறுபடியும் முளைக்கும் என்று 1980களின் இறுதியில் கண்டுபிடித்தார்கள். மனிதனுக்கு முளைக்காது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் இடம்பெற்றிருந்தது. சட்டத்தில் இடம்பெற்ற நோய் தொழிலாளியின் பதிவேட்டில் ஏறாமலே போவது அநியாயம். வேலையில் சேரும்போது ஓர் ஆடியோகிராம், பிறகு ஆண்டுக்கு ஒன்று என்று கேளுங்கள். காதில் பஞ்சு வைத்தால் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பஞ்சு இரைச்சலை அவ்வளவாகத் தடுக்காது. அதற்கென்று செய்த அடைப்பானோ காதுக்கவசமோ வேண்டும்.

காது மிஷினைப் பற்றி ஒன்றே ஒன்று. அளக்காமல் வாங்கிய மிஷின் அலமாரியில்தான் தூங்கும். எந்தச் சுருதியில் எவ்வளவு குறையோ அங்கே மட்டும் அவ்வளவு கூட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கூட்டினால் தட்டு விழும் சத்தம் இடியாகக் கேட்கும், பேச்சு அப்போதும் புரியாது.

இப்போது குழந்தைகள். இன்று நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள விரும்புவது இதற்குத்தான்.

வயிற்றில் இருக்கும்போதே குழந்தைக்குக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. அம்மாவின் குரலோடுதான் அது பிறக்கிறது. பிறந்து முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மூளை பேச்சுக்கான பாதைகளைப் போட்டுக்கொள்கிறது. அந்தக் காலத்தில் எந்த மொழியும், பேச்சோ சைகையோ, உள்ளே போகவில்லை என்றால் பின்னால் ஈடுகட்டுவது மிகக் கடினம். அதனால் உலகெங்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்: ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் நோய் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம்.

நம் வீடுகளில் நடப்பது வேறு. "தட்டைத் தட்டிப் பாத்தோம், திரும்பினான்" என்பார்கள். தட்டைத் தட்டினால் தரை அதிர்கிறது, காற்று அசைகிறது, நிழல் ஆடுகிறது. காது கேளாத குழந்தையும் திரும்பும். "அவங்க மாமாவும் நாலு வயசுலதான் பேசினாரு" என்பார் பாட்டி. நேர்த்திக்கடன் வேண்டிக்கொண்டு மூன்று வயது வரை காத்திருப்பார்கள். மயிலம் முருகனை வேண்டுங்கள், நானும் வேண்டுகிறவன்தான். வேண்டிக்கொண்டு அதே வாரத்தில் சோதனைக்கும் வாருங்கள்.

அந்தச் சோதனை எவ்வளவு எளியது தெரியுமா? 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற அறிஞர், நல்ல காது ஒலியைக் கேட்பதோடு நிற்பதில்லை, பதிலுக்கு மிக மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்புகிறது என்று காட்டினார். பலர் நம்ப மறுத்தார்கள். இன்று பிறந்த குழந்தைகளின் காதைச் சோதிப்பதற்கு அதுவே அடிப்படை. குழந்தை அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருக்கும்போது சிறிய முனை ஒன்றைக் காதில் வைப்பார்கள். டிக்டிக் என்று ஒலி போகும், காதிலிருந்து எதிரொலி வருகிறதா என்று கருவி பார்க்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஊசி இல்லை, வலி இல்லை. பிறந்த ஓரிரு நாளில் காதில் ஈரம் இருந்தால் தவறிப்போகலாம். பயப்படாமல் சில வாரம் கழித்து மறுபடியும் செய்ய வேண்டும். மறுபடியும் என்று சொன்னதை மறந்துவிடுவதில்தான் பல குழந்தைகளை இழக்கிறோம்.

இரண்டாவது முறையும் பதில் வரவில்லை என்றால் பெரா சோதனை. தூங்குவதற்கு மருந்து கொடுத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, ஒலி கொடுத்தால் நரம்பு வழியே மின்னலை மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பது. பத்து மில்லி விநாடிக்குள் ஐந்து அலைகள் வர வேண்டும். "மண்டையில கரண்ட் வைக்கிறாங்க" என்று பயந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். அம்மா, கரண்ட் எதுவும் உள்ளே போவதில்லை. குழந்தையின் மூளையில் தானாக எழும் மின்னலையைக் கருவி படிக்கிறது, அவ்வளவுதான்.

குறைமாதக் குழந்தை, கடுமையான மஞ்சள் காமாலைக்கு ஆளான குழந்தை, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை ஆகியோருக்குப் பெரா கட்டாயம். இவர்களில் சிலருக்கு முதல் சோதனை தேறிவிடும், ஆனால் நரம்பு வேலை செய்யாது. மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்த குழந்தையையும் உடனே சோதிக்க வேண்டும். கர்ப்பத்தில் தாய்க்கு ருபெல்லா அம்மை வந்தாலும் அப்படியே. அதைத் தடுக்கும் தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தொடங்கியது. பள்ளியில் போட்ட அந்த ஊசியின் அருமை அடுத்த தலைமுறையில் தெரியும்.

சொந்தத்தில் கல்யாணம் பற்றிப் பேசாமல் போக முடியாது. மத்திய அரசின் ஐந்தாவது குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. பிறவிச் செவிட்டுத்தன்மைக்கான மரபணுக்கள் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோயாக வெளிப்படும். தாய்மாமனை, அத்தை மகனைக் கட்டும்போது இருவரிடமும் அதே மரபணு இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. உறவைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஏற்கெனவே சொந்தத்தில் கல்யாணம் ஆகியிருந்தால், பிறக்கும் குழந்தைக்கு முதல் மாதமே சோதனை என்று முடிவெடுங்கள். தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை மட்டும் நிறுத்துங்கள். மரபணு இரண்டு பக்கமும் வந்தது.

நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஒவ்வொரு குழந்தையும் முதல் நாளிலேயே மருத்துவர் கண்ணில் படுகிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் சோதித்துப் பார்க்கும் குறைகளில் பிறவிச் செவித்திறன் குறையும் ஒன்று. கிராம சுகாதாரச் செவிலியரிடமும் அங்கன்வாடி அக்காவிடமும் சொன்னால் வழி காட்டுவார்கள். நத்தை எலும்புக்குள் மின்முனை பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் சிகிச்சை, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. சென்னையில் மோகன் காமேஸ்வரன் போன்றவர்கள் இந்த அறுவை சிகிச்சையை நம் நாட்டில் வேரூன்றச் செய்தார்கள். ஆனால் அறுவை முடிந்தால் பேச்சு தானாக வந்துவிடாது. அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் வாரந்தோறும் பேச்சுப் பயிற்சி, வீட்டில் நாள் முழுக்கப் பேச்சு. அடுப்படியில், வயலில், பஸ்ஸில் தாய் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். 1969இல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயா பள்ளி, கேட்புக் குறையுள்ள சிறு குழந்தைகளையும் தாய்மார்களையும் சேர்த்தே பயிற்றுவித்து இதைக் காட்டியிருக்கிறது. சைகை மொழியோடு வளரும் பிள்ளைகளும் படித்து வேலைக்குப் போய் நன்றாக வாழ்கிறார்கள். பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் பெயரில் உள்ள காது கேளாதோர் பள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. எந்த வழியானாலும் சீக்கிரம் தொடங்க வேண்டும். தொடங்குவதற்கு முதலில் அளக்க வேண்டும்.

கடைசியாக, பலர் தவறவிடும் ஒரு நோய். இரவு நன்றாகப் படுத்தவருக்குக் காலையில் ஒரு காது கேட்கவில்லை. அடைத்ததுபோல இருக்கிறது, இரைச்சல் கேட்கிறது. அழுக்கு அடைத்திருக்கும் என்று தேங்காயெண்ணெயைச் சூடாக்கி ஊற்றி, ஊக்கால் குடைந்து, மாதம் கழித்து வருகிறார்கள். மூன்று நாளுக்குள் திடீரென்று வரும் நரம்பு வகைக் கேட்பிழப்பாக அது இருக்கலாம். ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் எதிர்பார்க்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் அதைச் சொல்லிவிட்டு வாங்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகுங்கள். அடைத்த காதில் சத்தம் பெரிதாகக் கேட்டால் பெரும்பாலும் அழுக்கோ சளியோதான். நல்ல காதின் பக்கம் சத்தம் போய்விட்டால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். நான் சொன்ன வெபர் சோதனைதான் இது, இசைக்கவை இல்லாமல். எந்தப் பக்கம் கேட்டாலும் இதை வைத்து நீங்களே முடிவு கட்டிவிடாமல் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். எப்போதும் வலது காதில் செல்போன் வைத்துப் பேசுகிறவர் ஒருநாள் காலையில் இடது காதுக்கு மாற்றினால், ஏன் என்று கேளுங்கள். இங்கிருந்து விக்கிரவாண்டியைத் தாண்டினால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மயிலம் வழியாகப் போனால் புதுச்சேரி ஜிப்மர். இரண்டில் எது வசதியோ அங்கே, காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு, அன்றைக்கே அவரை பஸ் ஏற்றிவிடுங்கள்.